யார் அளந்தது? திருகோணமலையில் நின்று ஒளியின் கதியையும் மாட்டேற்றுச் சட்டங்களையும் கணக்கிடும் வழி

திருகோணமலை வடக்கு அகலக்கோடு 8.57 பாகையில் இருக்கிறது. கோணேசர் கோயில் வாசலில் அசையாமல் நிற்கும் ஒருவரைப் பூமியின் சுழற்சி செக்கனுக்கு ஏறத்தாழ 460 மீற்றர் கதியில் கிழக்கே கொண்டு போகிறது. அந்தப் பூமியோ சூரியனைச் செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வீதம் சுற்றுகிறது. ஆகவே "நான் நிற்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், எதைப் பொறுத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிறப்புச் சார்பியலில் (ஒன்றையொன்று சீரான கதியில் கடப்பவர்கள் அளக்கும் நேரத்தையும் நீளத்தையும் தொடர்புபடுத்தும் கோட்பாட்டில்) உயர்தர மாணவரும் பல்கலைக்கழக முதலாம் ஆண்டு மாணவரும் சறுக்குவது பெரும்பாலும் கணிதத்தில் அல்ல. அதில் உள்ளது ஒரு வர்க்கமூலமும் சிறிது அட்சரகணிதமும்தான். எண்ணை எழுதிவிட்டு, அதை அளந்தது எந்தச் சட்டம், அதாவது எந்த அளவீட்டு அமைப்பு, என்று எழுதாமல் விடுவதுதான் பிழை. கீழே உள்ள படிகள் அந்தப் பழக்கத்தைத் திருத்துவதற்காக அடுக்கப்பட்டவை. கையில் தாளும் பேனையும் சாதாரண கணிப்பானும் இருந்தால் போதும்.

படி 1: சட்டத்துக்குப் பெயர் வையுங்கள்

மாட்டேற்றுச் சட்டம் என்பதில் வரும் "சட்டம்" நீதிமன்றச் சட்டம் அல்ல, யன்னல் சட்டம், படச்சட்டம் போன்ற சட்டம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதையே குறிப்பாயம் என்கின்றன. இங்கே இயற்கையின் ஒழுங்கைக் குறிக்க "விதி" என்ற சொல்லை மட்டும் பயன்படுத்துவோம், குழப்பம் வராது.

சட்டம் என்றால் ஒருவருடைய கண் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. முழு வெளியிலும் மீற்றர் கோல்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தி, ஒவ்வொரு சந்தியிலும் ஒரு மணிக்கூட்டை வைத்ததாக நினையுங்கள். அந்த முழுப் பின்னலும் சேர்ந்ததுதான் ஒரு சட்டம். மூதூரில் மின்னல் விழுகிறது. கொட்டியாரக் குடாவுக்கு இப்பால், ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தள்ளி நகரத்துக் கரையில் நிற்பவர் அதை 40 மைக்ரோசெக்கன் பிந்திப் பார்க்கிறார். ஆனால் மின்னல் விழுந்த நேரம் என்று எழுத வேண்டியது மூதூரில் உள்ள மணிக்கூடு காட்டிய நேரத்தை. பார்த்த நேரம் வேறு, நடந்த நேரம் வேறு. சார்பியல் பேசுவது இரண்டாவதைப் பற்றி. "ஒளி வந்துசேரத் தாமதமாவதால் ஏற்படும் தோற்றமயக்கம்தான் சார்பியல்" என்ற பரவலான தவறு இங்கேதான் பிறக்கிறது.

இரண்டு இடத்து மணிக்கூடுகளை எப்படி ஒத்திசைப்பது? நகரத்திலிருந்து ஓர் ஒளித்துடிப்பை அனுப்புங்கள், மூதூரில் ஒரு கண்ணாடி அதைத் திருப்பி அனுப்பட்டும். போய்வர 80 மைக்ரோசெக்கன் என்றால், கண்ணாடியில் பட்ட கணம் அனுப்பியதிலிருந்து 40 மைக்ரோசெக்கன் என்று வைத்துக்கொள்கிறோம். இது ஐன்ஸ்டைன் 1905 இல் வகுத்த முறை. பாதி பாதியாகப் பிரிப்பது ஒரு வரையறை என்பதைக் கவனியுங்கள். நேரடியாக அளக்க முடிவது போய்வரும் கதியைத்தான்.

தாளில் ஓர் அட்டவணை கீறுங்கள். இடப்பக்கம் நிகழ்வுகள், மேலே சட்டங்களின் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள்: இடம், நேரம். கணக்கு முடியும்வரை இந்த அட்டவணையை விட்டு விலகாதீர்கள்.

படி 2: அது சடத்துவச் சட்டமா என்று பாருங்கள்

சீனக்குடா நிலையத்தை நெருங்கும் கோச்சி பிரேக் போடும்போது நிற்பவர்கள் முன்னே சாய்கிறார்கள். யாரும் தள்ளவில்லை, ஆனாலும் உடல் நகர்கிறது. விசை படாத பொருள் நின்றபடியோ நேர்கோட்டில் சீராக ஓடியபடியோ இருக்கும் சட்டம்தான் சடத்துவச் சட்டம். அந்த நேரத்தில் கோச்சி அப்படிப்பட்டது அல்ல. நேரான தண்டவாளத்தில் சீரான கதியில் ஓடும்போது தேநீர்க் கோப்பை ததும்பாது, அப்போது அது ஏறத்தாழச் சடத்துவச் சட்டம். சிறப்புச் சார்பியலின் எளிய சூத்திரங்கள் சடத்துவச் சட்டங்களுக்கு இடையில் மட்டுமே செல்லும்.

திருகோணமலைத் தரை எப்படி? முழுச் சடத்துவம் இல்லை. சுழற்சியால் வரும் ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 0.034 மீற்றர். ஈர்வையின் 9.8 உடன் ஒப்பிட்டால் அற்பம், ஆனால் பூச்சியம் அல்ல. பூக்கோ ஊசலை (பூமியின் சுழற்சியைக் காட்டும் நீண்ட ஊசலை) திருகோணமலையில் தொங்கவிட்டால் அதன் ஊசல் தளம் மணித்தியாலத்துக்கு 2.2 பாகை திரும்பும், ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 6.7 நாள் எடுக்கும். வங்கக் கடல் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்வதும் தரை சடத்துவச் சட்டம் இல்லை என்பதற்கு அடையாளம். இப்போதைக்கு இந்தச் சுழற்சியை ஒதுக்கிவைப்போம். கடைசிப் படியில் அது திரும்பி வரும்.

படி 3: ஒளியின் கதியைக் கையால் தொட்டுப் பாருங்கள்

விதிக்குப் போகுமுன் எண்ணைப் பழகிக்கொள்வது நல்லது. கலிலியோ சொன்ன லாந்தர் முறையை இங்கே செய்தால் என்ன ஆகும்? ஒருவர் நகரத்தில் லாந்தரைத் திறக்க, மூதூரில் நிற்பவர் அதைக் கண்டதும் தன் லாந்தரைத் திறக்கிறார். ஒளி போய்வர 80 மைக்ரோசெக்கன். மனிதக் கை அசைய 0.2 செக்கன், அதாவது 2,500 மடங்கு அதிகம். அளப்பது ஒளியை அல்ல, மூதூர்க்காரருடைய சுறுசுறுப்பை. 1849 இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் பீசோ, கைக்குப் பதிலாக 720 பற்கள் கொண்ட சக்கரத்தைச் சுழற்றி, 8.6 கிலோமீற்றர் தூரத்தில் கண்ணாடி வைத்து, உண்மைப் பெறுமானத்தை விடச் சுமார் 5 சதவீதம் கூடிய விடையைப் பெற்றார்.

வீட்டில் செய்யக்கூடியது மைக்ரோவேவ் அடுப்பு முறை. சுழலும் கண்ணாடித் தட்டையும் அதன் அடியில் உள்ள உருளைகளையும் எடுத்துவிடுங்கள். ஒரு தட்டையான பீங்கான் தட்டில் பொரிக்காத அப்பளங்களை இடைவெளியின்றிப் பரப்பி, 20 முதல் 30 செக்கன் ஓட்டுங்கள். சில இடங்கள் மட்டும் வெளுத்துப் பொங்கும். அடுத்தடுத்த இரண்டு பொங்கல்களின் மையங்களுக்கு இடையில் அடிமட்டத்தால் அளந்தால் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் வரும். அது நிலையான அலையின் அரை அலைநீளம். இரண்டால் பெருக்கி, அடுப்பின் பின்பக்கத் தகட்டில் உள்ள மீடிறனால் பெருக்குங்கள். வழக்கமாக அது 2,450 மெகாஹேட்ஸ். இடைவெளி 6.1 சென்ரிமீற்றர் என்றால் விடை செக்கனுக்கு 29 கோடியே 89 இலட்சம் மீற்றர்.

விடை பிசகுவதற்குக் காரணங்கள் உண்டு. அலை முப்பரிமாணப் பெட்டிக்குள் நிற்பதால் எல்லாப் பொங்கல்களும் அரை அலைநீளத் தூரத்தில் அமையா. 5 சென்ரிமீற்றரும் 7 சென்ரிமீற்றரும் வரலாம், ஐந்தாறு சோடிகளை அளந்து சராசரி எடுங்கள். அரைச் சென்ரிமீற்றர் தவறினாலே விடை 8 சதவீதம் மாறும். தட்டே சுழலாத வகை அடுப்புகளில் அலையைக் கலைக்கும் விசிறி உள்ளே மறைந்திருக்கும், அவை இதற்கு உதவா. அப்பளத்தில் நீர் குறைவு, ஆகவே புகை கண்டதும் நிறுத்துங்கள்.

சரியான எண் செக்கனுக்கு 299,792,458 மீற்றர். 1983 முதல் இது அளக்கப்படும் எண் அல்ல, மீற்றரே இதைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. இனிக் கணக்குகளில் இதை "ஒ" என்று குறித்து, 30 கோடி என்று எடுப்போம். சட்டத்தின் கதி "வே".

அப்பளம் தந்தது ஒளியின் கதியின் அளவை மட்டும். அது யாருக்கும் மாறாது என்பதை எந்த அடுப்பும் காட்டாது. அதற்கு வேறு சோதனை வேண்டும்.

படி 4: கூட்டல் எங்கே உடைகிறது என்று காணுங்கள்

செக்கனுக்கு 10 மீற்றர் போகும் வள்ளத்தின் அணியத்திலிருந்து முன்னே 15 மீற்றர் கதியில் பந்தெறிந்தால், கரையில் நிற்பவர் 25 அளப்பார். அதே அணியத்தில் டோர்ச் அடித்தால்? பழைய கூட்டல்படி ஒ + 10 வர வேண்டும். வருவதில்லை.

1865 இல் மக்ஸ்வெல் வெளியிட்ட மின்காந்தச் சமன்பாடுகளில் ஒளியின் கதி வெறும் மாறிலியாக வந்து நின்றது, எதைப் பொறுத்து என்ற குறிப்பே இல்லாமல். அக்காலத்தவர் "ஈதரைப் பொறுத்து" என்று இட்டு நிரப்பினார்கள். ஈதர் என்பது வெளியெங்கும் நிறைந்து ஒளியைச் சுமப்பதாக அவர்கள் நம்பிய ஊடகம். அப்படியானால் பூமி ஈதருக்குள் ஓடும்போது ஈதர்க் காற்று வீச வேண்டும். அதைத் தேடியதுதான் 1887 இல் மைக்கல்சனும் மோர்லியும் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் செய்த சோதனை.

அதன் உள்வேலை கிண்ணியாவில் புரியும். அங்குள்ள பாலம் 396 மீற்றர் நீளம், 400 என்று வைப்போம். வள்ளத்தின் கதி 5, நீரோட்டம் 3 என்று கொள்ளுங்கள் (அங்கே ஓட்டம் இவ்வளவு இல்லை, கணக்குக்காகத்தான்). ஒரு வள்ளம் ஓட்டத்தோடு 400 மீற்றர் போய் எதிர்த்துத் திரும்புகிறது: 400 ÷ 8 + 400 ÷ 2 = 250 செக்கன். மற்றது குறுக்கே போய்வருகிறது. அது ஓட்டத்துக்கு எதிராகச் சரித்துப் பிடிக்க வேண்டியிருப்பதால் குறுக்குக் கதி 4, நேரம் 800 ÷ 4 = 200 செக்கன். ஒரே தூரம், 50 செக்கன் வித்தியாசம். போகும்போது கிடைத்த லாபம் திரும்பும்போது பட்ட நட்டத்தை ஈடுசெய்வதில்லை. இந்த இடத்தைப் பலர் "போனதும் வந்ததும் சரியாகிவிடும்" என்று கடந்துவிடுகிறார்கள்.

வள்ளத்துக்குப் பதில் ஒளி, ஓட்டத்துக்குப் பதில் ஈதர்க் காற்று. பாதரசத்தில் மிதந்த கற்பலகையில் கண்ணாடிகளால் மடக்கிய 11 மீற்றர் கைகள். கருவியை 90 பாகை திருப்பினால் தலையீட்டுக் கோடுகள் (இரு கைகளிலும் போய்வந்த ஒளி கலந்து உண்டாக்கும் ஒளி, இருள் வரிகள்) நகர வேண்டிய அளவு 2 × 11 ÷ 0.00000055 × (30 ÷ 300,000)² = 0.4 கோட்டிடைவெளி. இங்கே 0.00000055 மீற்றர் ஒளியின் அலைநீளம், 30 உம் 300,000 உம் பூமியின் கதியும் ஒளியின் கதியும், செக்கனுக்குக் கிலோமீற்றரில். கண்டது இதன் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதற்கும் மறுப்புச் சொல்ல இடமிருந்தது: ஒளி தன் முதலின் (தன்னை உமிழும் பொருளின்) கதியைச் சுமந்து வருகிறதோ? 1964 இல் சேர்ன் ஆய்வுகூடத்தில், 0.99975 ஒ கதியில் பறந்த நடுநிலைப் பயோன்கள் என்ற நுண்துணிக்கைகள் சிதைந்து முன்னே வீசிய காமாக் கதிர்களின் கதியை அளந்தார்கள். காமாக் கதிரும் ஒளியின் ஒரு வகைதான். பழைய கூட்டல்படி அது ஏறத்தாழ இரட்டிப்பாக இருக்க வேண்டும். ஒ தான் வந்தது.

ஆகவே இரண்டு எடுகோள்கள். பௌதிகவியல் விதிகள் எல்லாச் சடத்துவச் சட்டங்களிலும் ஒன்றே. வெற்றிடத்தில் ஒளியின் கதி, முதலின் அசைவு எப்படியிருந்தாலும், அச்சட்டங்கள் எல்லாவற்றிலும் ஒ. இரண்டையும் ஒன்றாகப் பிடித்தால் நேரமும் நீளமும் விட்டுக்கொடுக்க வேண்டிவருகிறது.

படி 5: ஒளி மணிக்கூட்டால் காரணியைப் பெறுங்கள்

கோச்சிப் பெட்டியின் தரையிலிருந்து கூரைக் கண்ணாடிக்கு ஒளி போய்த் திரும்புவது ஒரு "டிக்". கோச்சிச் சட்டத்தில் ஒளியின் பாதை செங்குத்து. நடைமேடைச் சட்டத்தில் அதே ஒளி சரிந்து ஏறிச் சரிந்து இறங்குகிறது, பாதை நீளம். கதி இரண்டிலும் ஒ, எனவே நடைமேடையில் அளக்கும் நேரம் கூட. எத்தனை மடங்கு கூட என்பதுதான் காரணி. பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால்:

காரணி = 1 ÷ √(1 − (வே ÷ ஒ)²)

0.6 ஒ கதிக்குக் காரணி 1.25. 0.8 ஒ கதிக்கு 1.67.

பெருக்குவதா வகுப்பதா என்ற தடுமாற்றத்துக்கு ஒரே கேள்வி: இரண்டு நிகழ்வுகளும் எந்தச் சட்டத்தில் ஒரே இடத்தில் நடக்கின்றன? அந்தச் சட்டம் அளக்கும் நேர இடைவெளிதான் ஆகச் சிறியது. மற்றச் சட்டங்களுக்குக் காரணியால் பெருக்குங்கள். நீளத்துக்கு மறுதலை. பொருள் எந்தச் சட்டத்தில் நிற்கிறதோ அங்கேதான் அது ஆக நீளம்.

படி 6: ஒரேநேரம் என்பதைக் கைவிடுங்கள்

கடினமான படி இதுதான். நேர விரிவை ஏற்றுக்கொள்பவர்கள்கூட இதை மனதுக்குள் ஏற்பதில்லை. பின்னால் வரும் முரண்களில் பெரும்பாலானவை இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததால் வருபவை.

தன் சட்டத்தில் 300 மீற்றர் நீளமான ஒரு கோச்சி 0.6 ஒ கதியில் திருகோணமலை நிலையத்தைக் கடக்கிறது. (உண்மையில் பாதை அங்கே முடிகிறது, மேலே போனால் கடல். பொறுத்துக்கொள்ளுங்கள்.) சரியாக நடுப்பெட்டியில் ஒரு விளக்கு மின்னுகிறது.

கோச்சிச் சட்டம்: இரு முனைக்கும் 150 மீற்றர். 150 ÷ 30 கோடி = 500 நனோசெக்கன். இரு முனைகளிலும் ஒளி ஒரேநேரம் படுகிறது.

நடைமேடைச் சட்டம்: கோச்சி சுருங்கி 300 ÷ 1.25 = 240 மீற்றர், பாதி 120. பின்முனை ஒளியை நோக்கி வருகிறது, இடைவெளி 1.6 ஒ வீதம் குறைகிறது: 120 ÷ 48 கோடி = 250 நனோசெக்கன். முன்முனை ஒளிக்கு முன்னே ஓடுகிறது, இடைவெளி 0.4 ஒ வீதம் குறைகிறது: 120 ÷ 12 கோடி = 1,000 நனோசெக்கன். வித்தியாசம் 750 நனோசெக்கன்.

"1.6 ஒ வந்துவிட்டதே, விதி மீறல்தானே?" என்று இங்கே கட்டாயம் ஒரு கை உயரும். இல்லை. அது ஒரே சட்டத்தில் இரண்டு பொருள்களின் இடைவெளி குறையும் வீதம். எந்தப் பொருளும் 1.6 ஒ கதியில் ஓடவில்லை.

இனிச் சரிபார்ப்பு. நடைமேடைச் சட்டத்தில் ஒளி பின்முனையில் பட்ட இடம் விளக்கு மின்னிய புள்ளியிலிருந்து 75 மீற்றர் பின்னே, முன்முனையில் பட்டது 300 மீற்றர் முன்னே. இடவேறுபாடு 375 மீற்றர். நேரவேறுபாட்டை ஒ ஆல் பெருக்கினால் 225 மீற்றர். 375² − 225² = 90,000. கோச்சிச் சட்டத்தில் 300² − 0² = 90,000. இந்த வித்தியாசம் எந்தச் சட்டத்திலும் மாறாது. உங்கள் அட்டவணையில் இரண்டு நிரல்களுக்கும் இந்த எண் ஒத்துவரவில்லையென்றால் எங்கோ பிழை, முதலில் நேர நிரலைத் தேடுங்கள்.

"இருவரும் மற்றவர் மணிக்கூடு மெல்ல ஓடுகிறது என்கிறார்களே, யார் சரி?" என்ற கேள்வியின் முடிச்சும் இங்கேயே அவிழ்கிறது. ஒரு கோச்சி மணிக்கூட்டை நடைமேடையின் இரண்டு மணிக்கூடுகளோடு ஒப்பிடுகிறோம். அந்த இரண்டும் ஒத்திசைந்தவை என்பதைக் கோச்சிச் சட்டம் ஏற்பதில்லை. அதனால் இருவர் கூற்றும் மோதுவதில்லை.

உண்மைக் கோச்சிக்கு? மணிக்கு 40 கிலோமீற்றர், 150 மீற்றர் நீளம். வித்தியாசம் ஒரு பிக்கோசெக்கனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. அன்றாட வாழ்வில் யாரும் கவனிக்காததில் வியப்பில்லை.

படி 7: கதிகளைப் புதிய முறையில் கூட்டுங்கள்

சட்டத்தின் கதி வே, அதற்குள் பொருளின் கதி பொ என்றால், வெளியே அளக்கும் கதி:

(பொ + வே) ÷ (1 + பொ × வே ÷ ஒ²)

0.6 ஒ உடன் 0.6 ஒ சேர்ந்தால் 1.2 அல்ல, 1.2 ÷ 1.36 = 0.88 ஒ. பொ இடத்தில் ஒ போட்டால், வே எதுவானாலும் ஒ. வள்ளத்து டோர்ச்சின் கதை முடிந்தது. வே இடத்தில் ஒ போட்டு "ஒளியோடு ஓடுபவரின் சட்டம்" ஒன்றை உண்டாக்க முயலாதீர்கள். காரணியில் பூச்சியத்தால் வகுக்க நேரும். ஒளி நிற்கும் சடத்துவச் சட்டம் எதுவும் இல்லை.

மாறாதது வெற்றிடத்துக் கதி மட்டுமே. புறாத் தீவைச் சுற்றிய கடல்நீரில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 22.4 கோடி மீற்றர்தான் போகும், அந்தக் கதி நீரின் ஓட்டத்தைப் பொறுத்து மாறவும் செய்யும். ஓடும் நீர் தன் கதியில் ஏறத்தாழ 0.44 பங்கை மட்டும் ஒளிக்குக் கொடுக்கிறது என்று 1851 இல் பீசோ கண்டது அக்காலத்தில் பெரும் புதிர். மேலுள்ள சூத்திரத்தில் நீருக்குள் ஒளியின் கதியைப் போட்டால் அதே 0.44 தானாக வரும்.

படி 8: மியூவன்களால் இரு பக்கமும் சரிபாருங்கள்

விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் மியூவன்கள் என்ற விரைவில் சிதையும் நுண்துணிக்கைகளை உண்டாக்குகின்றன. கடல்மட்டத்தில் ஒரு சதுரச் சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் விழுகின்றன. நீட்டிய உள்ளங்கையை நிமிடத்துக்கு நூறளவில் துளைத்துப் போகின்றன. ஆனால் அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெக்கன்தான், அதற்குள் ஒளியே 660 மீற்றர்தான் போகும்.

கதி 0.998 ஒ, காரணி 15.8 என்று எடுங்கள். தரைச் சட்டத்தில் பயணம் 50 மைக்ரோசெக்கன், ஆனால் ஆயுள் 2.2 × 15.8 = 34.8 மைக்ரோசெக்கனாக நீள்கிறது. 50 ÷ 34.8 = 1.44 ஆயுட்காலம், ஏறத்தாழ நாலில் ஒன்று தப்பும். மியூவனின் சட்டத்தில் ஆயுள் 2.2 தான், ஆனால் 15 கிலோமீற்றர் உயரம் 950 மீற்றராகச் சுருங்குகிறது. பயணம் 3.17 மைக்ரோசெக்கன், மீண்டும் 1.44. ஆயுளையும் நீட்டி உயரத்தையும் சுருக்குவது பரீட்சைத் தாள்களில் அடிக்கடி காணும் பிழை. ஒரு சட்டத்தில் ஒன்றுதான் நடக்கும்.

படி 9: ஒதுக்கிவைத்த சுழற்சியைத் திரும்ப எடுங்கள்

கொட்டியாரக் குடாவைத் தாண்டி மீன்பிடிக்கப் போகும் படகுகளில் இப்போது ஜிபிஎஸ் கருவி உண்டு. செய்மதியின் மணிக்கூடு அதன் கதியால் நாளொன்றுக்கு 7 மைக்ரோசெக்கன் பிந்துகிறது. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் 45 முந்துகிறது, இது ஈர்ப்பையும் சேர்த்துக்கொள்ளும் பொதுச் சார்பியலின் பங்கு. நிகரம் 38 முந்தல். திருத்தாவிட்டால் தூரக் கணக்கு நாளுக்கு 11 கிலோமீற்றர் என்ற வீதத்தில் பிசகும். இது பலர் கேட்டிருக்கும் செய்தி.

அதிகம் பேசப்படாதது அடுத்தது. கிழக்கு அடிவானத்தை ஒட்டிய ஒரு செய்மதியின் சைகை இங்கே வர ஏறத்தாழ 80 மில்லிசெக்கன். அதற்குள் திருகோணமலை 460 × 0.08 = 37 மீற்றர் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. தரையைச் சட்டமாக எடுத்துக் கணக்கிட்டால் கிழக்கிலிருந்து வரும் ஒளி 37 மீற்றர் முந்தியும், மேற்கிலிருந்து வருவது 37 மீற்றர் பிந்தியும் வந்ததாகத் தோன்றும். ஒளியின் கதி திசைக்குத் திசை மாறுகிறதா? இல்லை, படி 2 இல் ஒதுக்கிய சுழற்சி இப்போது தன் கணக்கைக் கேட்கிறது. சுழலும் தரை சடத்துவச் சட்டம் அல்ல, அங்கே இரண்டாம் எடுகோள் எந்த வாக்குறுதியும் தரவில்லை.

கருவி செய்வது இதுதான்: சுழலாத, பூமியின் மையத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்ட ஒரு சட்டத்தை எடுத்து, சைகை புறப்பட்ட கணத்தில் செய்மதி இருந்த இடத்தையும், வந்துசேர்ந்த கணத்தில் படகு இருக்கும் இடத்தையும் அந்தச் சட்டத்தில் குறித்து, இடையில் ஒளியை ஒ கதியில் ஓடவிட்டு, கிடைத்த இடத்தைக் கடைசியில் சுழலும் வரைபடத்துக்கு மாற்றித் திரையில் காட்டுகிறது.